மாற்றுத்திறனாளிகள் சட்டம்: நம் வக்கீல் பிள்ளைகள் எழுத வேண்டிய தேர்வு

(குற்றாலத்தில் நடந்த குடும்ப நல ஒன்றுகூடலில், அஸர் தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. அருவிக்குப் போக வேண்டுமென்று சிறுபிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மஃரிபுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

பாளையங்கோட்டைக்குப் போய்ச் சட்டம் படித்து வந்த பிள்ளைகள் ஒரு பக்கம் இருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வைத்திருக்கிற வாப்பா, உம்மாக்கள் இன்னொரு பக்கம் இருக்கிறீர்கள். இரண்டு பேரையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க இத்தனை வருடமாகத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மஹல்லாவில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு லாத்தா இருந்தார்கள். பெயர் வேண்டாம். கணவர் முன்பே மவுத்தாகிவிட்டார். ஒரே மகன்; அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. பதினோரு வருடம் ரமழான் மாதத்தில் நமது அறக்கட்டளையிலிருந்து அரிசியும் ஜகாத் பணமும் அந்த வீட்டுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை அவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "நான் இருக்கிற வரைக்கும் கவலையில்ல காக்கா. எனக்குப் பொறவு இவன யாரு பாப்பா?" நான், "அல்லாஹ் இருக்கான், கவலைப்படாதீங்க லாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொன்னது தப்பில்லை. ஆனால் அதோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகளை நான் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கியாச்சா? சட்டப்படி பாதுகாவலர் யார்? உங்கள் பி.எஃப். கணக்கில் யார் பெயர் இருக்கிறது?

லாத்தா மவுத்தான பிறகுதான் இவை வெளியே வந்தன. பையனுக்கு வயது 24. ஊனச் சான்றிதழே இல்லை. பி.எஃப். கணக்கில் வாரிசாக இருந்தது, ஏற்கனவே இறந்துபோன கணவரின் பெயர். பையனின் சாச்சி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆனால் அவன் பெயரில் ஒரு கையெழுத்துப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த 14 மாதம் ஓடினோம். இப்போது மாதப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். பென்ஷன் விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. போன பதினோரு வருடத்தின் உதவித்தொகையை யாரும் கணக்குப் போட்டுத் திருப்பித் தரப்போவதில்லை.

இதில் எந்த அலுவலகத்தையும் நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஒரு வக்கீல் பையன் இருந்தான். அவனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, இந்தச் சட்டம் எங்களுக்குத் தேர்வுல வரல" என்றான்.

அவன் சொன்னது உண்மை. சட்டம் முடித்தவர்கள் வக்கீலாகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 2011 முதல் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தத் தேர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. நூறு கேள்விகள். விளக்கக் குறிப்பு இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். பாடத் தலைப்புகள் 19. அரசியல் சாசனம், குற்றவியல், குடும்பச் சட்டம், வரி, நிலம் கையகப்படுத்தல் எல்லாம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று தனியாக ஒரு தலைப்பு கிடையாது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே உடல் முடியாமல் வேலை செய்ய இயலாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையைப் பெற்றுத் தருவதே ஒரு தனித் துறை. முதல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுவதால், மேல்முறையீட்டுக்கு வக்கீல் தேவைப்படுகிறார். அந்தத் துறையில் பல வருடம் வேலை செய்த வக்கீல், தனித் தேர்வு எழுதி, 'இவர் இதில் தேர்ந்தவர்' என்று சான்று பெறலாம். நம் நாட்டில் அப்படி ஒரு தேர்வு இல்லை. இந்தத் துறையில் நிபுணர் என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளவும் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை.

ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு யாரும் கேள்வித்தாள் அச்சடித்துத் தரமாட்டார்கள். இந்தப் பந்தலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் கொண்டுவருவதுதான் கேள்வித்தாள். அதில் வரப்போகிற ஐந்து கேள்விகளை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி, சான்றிதழ். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 21 வகைகள். ஆட்டிசம், தலசீமியா, தசைச் சிதைவு, கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் எல்லாரும் வந்துவிட்டார்கள். 'என் பிள்ளைக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு' என்று நினைத்து எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள்.

சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன. யு.டி.ஐ.டி. அட்டை மூன்று நிறத்தில் வரும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். 2021 ஜூன் 1 முதல் இணையதளம் வழியாகத்தான் சான்றிதழ். இதற்குக் கட்டணம் கிடையாது. புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, மருத்துவர் 38 சதவீதம் என்று எழுதிவிட்டார். என்ன செய்வது? விதி என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். சட்டத்தின் 59ஆம் பிரிவு, அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. வக்கீல் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவு இது. அதே நேரம் 91ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்க' என்று யாராவது வந்தால், அது ஹராம் என்று நானும் சொல்கிறேன். குற்றம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, மாத உதவித்தொகை. நம் மாநிலத்தில் இரண்டு வழி இருக்கிறது, இதில்தான் குழப்பம். வருவாய்த்துறை வழியாக வருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய் ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வருகிற பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். இது அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு 40 சதவீதத்திலிருந்தும், மற்ற கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 75 சதவீதத்திலிருந்தும் கிடைக்கும். எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் பதினோரு வருடமாகச் செலவழிக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, படிப்பும் வேலையும். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை 31ஆம் பிரிவில் இருக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடமும், வயது வரம்பில் 5 வருடத் தளர்வும் 32ஆம் பிரிவில். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு 34ஆம் பிரிவில். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். ஒதுக்கீடு வேறு, உரிமை வேறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார் என்பவர், சிவில் சர்வீஸ் தேர்வில் எழுதுபவர் வேண்டுமென்று கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் என்பது ஒதுக்கீட்டுக்கான அளவு, தேர்வெழுத உதவி கேட்பதற்கு அதை நிபந்தனையாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 மார்ச் 3 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, பார்வையற்றவர்களை நீதிபதிப் பணிக்கான தேர்விலிருந்து விலக்கக் கூடாது என்றது. நம் வீட்டுப் பார்வையற்ற பிள்ளை நாளைக்கு நீதிபதி நாற்காலியில் உட்காரலாம். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். மதீனாவில் பாங்கு சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பில் நியமிக்கப்பட்டவர். இது நமக்குப் புதிய செய்தி அல்ல, நாம் மறந்துபோன செய்தி.

நாலாவது கேள்வி, பாதுகாவலரும் பங்கும். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற உம்மாவுக்கே அவன் சார்பில் கையெழுத்திடத் தானாக அதிகாரம் வராது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் மட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரும் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு வருடமும் கணக்கையும் கொடுக்க வேண்டும். இதே சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. மனநோய் இந்த நான்கில் வராது. அதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் மனுப் போட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இனி பங்கு. வாப்பா மவுத்தானதும் மற்ற பிள்ளைகள் சொல்வார்கள்: "அவனுக்கு எதுக்குத் தனிப் பங்கு? நான்தான் பாத்துக்கிறேனே." அன்பில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆசையில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மதரஸாவில் ஃபராயிழ் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன். வாரிசுரிமையைத் தடுக்கிற காரணங்களில் ஊனம் ஒன்றல்ல. மற்ற மகனுக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவு. நிர்வகிக்கத் தெரியாதவருடைய பொருளை அவருக்காகப் பாதுகாத்து, அதிலிருந்தே அவருக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது சூரா நிஸாவின் தொடக்கத்திலேயே இருக்கிற கட்டளை. சட்டம் கேட்கிற வருடாந்தரக் கணக்கும் அதே அமானிதத்தைத்தான் கேட்கிறது.

ஐந்தாவது கேள்வி, உழைப்பவர்களின் பென்ஷன். நம் பகுதியில் பீடி சுற்றாத தெரு குறைவு. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களும் பி.எஃப். சட்டப்படி தொழிலாளர்கள்தான் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பி.எஃப். கணக்கோடு 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் சேர்ந்திருக்கிறது. உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரை பென்ஷன். நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. உறுப்பினரே வேலைக் காலத்தில் நிரந்தரமாக முழுமையாக முடங்கிப்போனால், பத்து வருடச் சேவை இல்லாவிட்டாலும் பென்ஷன் உண்டு. அரசு ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் ஊனமடைந்தால், அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இதெல்லாம் தெரியாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நான் சான்றிதழ் தர முடியாது; துஆ செய்ய முடியும்.

எப்படிப் படிப்பது? மதரஸாவில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மூலம், பிறகுதான் விரிவுரை. மத்னை வாசிக்காமல் ஷரஹுக்குப் போனால் உஸ்தாத் விடமாட்டார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 102 பிரிவுகள், 17 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்றால் நாலே மாதம். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். கைப்பேசியில் வருகிற சுருக்கங்களை முதலில் நம்பாதீர்கள். பிரிவைப் பாருங்கள், பிறகு விதிகளைப் பாருங்கள், பிறகு அரசாணையைப் பாருங்கள். ஊனத்தை அளவிடும் வழிகாட்டு நெறிகள்கூட 2024 மார்ச்சில் மாறியிருக்கின்றன. தொகைகள் மாறும், பிரிவுகள் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இரண்டாவது, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு குடும்பத்தோடு உட்காருங்கள். அவர்களிடம் இருக்கிற காகிதங்களைப் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் இருக்கும். அதைச் சரிசெய்யும்போதுதான் சட்டம் கைக்கு வரும்.

மூன்றாவது, அலுவலகப் பாதையை நடந்து பழகுங்கள். முன்னே எல்லாவற்றுக்கும் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு; உதவி எண் 15100. 'வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை' என்று எந்தக் குடும்பமும் பேசாமல் இருக்க வேண்டியதில்லை.

நாலாவது, பக்கத்தில் இருக்கிற ஆய்க்குடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர்கள் நடத்துகிற பள்ளியையும் சிகிச்சைப் பிரிவுகளையும் பார்த்தால், நாம் 'பாவம்' என்று சொல்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வோம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வெட்கப்படாமல் எழுதுங்கள். கல்யாணத்துக்கு இருக்கிற அக்கா தங்கையின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பிள்ளையை உள் அறையில் வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். பெயரை வெளியே சொல்லமாட்டோம். பிள்ளையின் வயது, சான்றிதழ் உண்டா இல்லையா, பாதுகாவலர் உண்டா, வீட்டில் யாருக்குப் பி.எஃப். இருக்கிறது என்ற நாலு விவரம் போதும்.

வருகிற ஞாயிறு முதல் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் வாசிப்பு ஆரம்பம், இன்ஷா அல்லாஹ். நானும் மாணவனாக உட்காருவேன். நாலாவது வீட்டு வக்கீல் பையன் முதல் அத்தியாயத்தை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இனி ஜகாத் விண்ணப்பத்தில், வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா என்றும் ஒரு வரி சேர்ப்போம். அரிசி கொண்டுபோகிறவர் அந்தக் கேள்வியையும் கொண்டுபோகட்டும்.

அந்த லாத்தா கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதிப் பதிலை அவர்களிடம் சொல்ல இனி வழியில்லை. அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்காவது முழுப் பதிலைச் சொல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.